லயத்து மெத்தை, பால்வெட்டுச் சட்டை, பட்டுப்புடவைப் பெட்டி: வாடை போக வழி சொல்லுங்கள்

தாமான்வாசி

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் இருக்கிறோம். ரப்பர் தோட்டம் கைமாறி லயத்தை (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு) காலி செய்யச் சொல்லிவிட்டதால் மாமியார் எங்கள் தாமான் (குடியிருப்புப் பேட்டை) வீட்டுக்கே வந்துவிட்டார். கூடவே ஒரு இலவம்பஞ்சு மெத்தை, தலையணைகள், ஒரு தகர டிரங்குப் பெட்டி. மெத்தையில் பூஞ்சை வாடை. பெட்டியைத் திறந்தால் அந்துருண்டை நெடி முன்னறை வரைக்கும் வருகிறது. உள்ளே அவருடைய கல்யாணப் பட்டும், பிறக்கப்போகும் பேரப்பிள்ளைக்கு என்று எடுத்து வைத்த குழந்தைத் துணிகளும் இருக்கின்றன. (ஆமாம், எனக்குத்தான். மாசி மாதம்.)

கொழுந்தன் இன்னும் ஒரு சின்னத் தோட்டத்தில் மரம் வெட்ட, அதாவது ரப்பர் மரத்தைச் சீவிப் பால் எடுக்க, போகிறார். அவர் சட்டையை மற்ற துணிகளோடு போட்டால் மொத்தக் கூடையும் கட்டிப்பால் (உறைந்த ரப்பர் பால்) வாடை. போதாததற்கு, துவைத்துக் காய்ந்த துவாலைகூட முகம் துடைத்தவுடன் புளித்த நாற்றம் அடிக்கிறது.

மத்தியானம் ஆனால் மழை. தீபாவளிக்குத் திரைச்சீலை வேறு துவைக்க வேண்டும். வீட்டில் எல்லாரும் சாஃப்டனரை இன்னும் கொஞ்சம் ஊற்று என்கிறார்கள். ஊற்றினால் ரோஜாப்பூவும் நாற்றமும் கைகோத்துக்கொண்டு வருகின்றன.

மெத்தையைத் தூக்கிப் போடு என்று மட்டும் சொல்லாதீர்கள். அது மாமனார் தைக்கக் கொடுத்து வாங்கியது. வீட்டில் சண்டை வந்துவிடும்.

டோபி_அண்ணே

டோபிக் கடை வைத்திருந்தவன் சொல்கிறேன். துவாலையில் குற்றவாளி நீங்கள் ஊற்றும் சாஃப்டனர்தான். அதில் இருப்பது கொழுப்புச் சேர்ந்த பொருள். நூலின்மேல் படலமாகப் படிந்துவிடும். துவாலை தண்ணீர் உறிஞ்சாது, சவுக்காரமும் உள்ளே இறங்காது, உடம்பு எண்ணெய் வெளியே வராது. கிருமிக்குச் சாப்பாடும் வீடும் நீங்களே கட்டிக் கொடுக்கிறீர்கள். துவாலைக்கு சாஃப்டனரை அடியோடு நிறுத்துங்கள்.

அடுத்து மெஷின். முன்கதவு மெஷின் என்றால் கதவைச் சுற்றியுள்ள ரப்பர் வளையத்தை விரலால் மடித்துப் பாருங்கள். சாம்பல் நிறத்தில் வழவழவென்று ஒரு சேறு, அதில் முடி, நூல், ஒரு பத்துக் காசு, காணாமல் போன காலுறை எல்லாம் இருக்கும். அந்தச் சேற்றை முகர்ந்து பார்த்தால் உங்கள் துவாலை வாடை எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துவிடும். மேல்மூடி மெஷின் என்றால் தூள் போடும் தட்டைக் கழற்றிப் பாருங்கள், பஞ்சு சேரும் வலைப்பையைத் திருப்பிப் பாருங்கள். துடைத்த பிறகு துணி எதுவும் போடாமல் சுடுதண்ணீரில் ஒருமுறை ஓடவிடுங்கள். வேலை முடிந்ததும் மூடியைத் திறந்தே வையுங்கள். நம் ஊர் வெக்கைக்கு மூடி வைத்த மெஷின் ஒரு பூஞ்சைப் பண்ணை.

துவாலையை அறுபது டிகிரிச் சுடுதண்ணீரில் துவையுங்கள். அப்படியும் போகாவிட்டால் ஆக்சிஜன் பிளீச் தூளை வெந்நீரில் கரைத்துச் சில மணி நேரம் ஊறப்போட்டு மறுபடி துவையுங்கள். சோடியம் பெர்கார்போனேட் என்று பாக்கெட்டில் போட்டிருக்கும். நாற்பது டிகிரிக்குக் கீழே அது தூங்கும், ஆகவே குழாய்த் தண்ணீரில் கரைத்துவிட்டு வேலை செய்யவில்லை என்று திட்டாதீர்கள்.

மழை நாளில் துணியைக் கூடத்தில் காயப்போட்டால் இரண்டு துணிக்கு நடுவில் கை நுழையும் அளவு இடம் விட்டு, நேராக விசிறிக் காற்று படும்படி போடுங்கள். முடியாத நாளில் காசு போட்டுத் துவைக்கும் கடையில் உலர்த்தியில் மட்டும் போட்டு எடுத்து வாருங்கள். துவாலைக்கு அந்தச் சூடு நல்லதுதான்.

பால்மரத்துப்பிள்ளை

டோபி அண்ணே சொன்னது துவாலைக்குச் சரி. கொழுந்தன் சட்டை வேறு கதை. எங்கள் வீட்டில் அப்பா, அம்மா, பெரியண்ணன் மூன்று பேரும் வெட்டுக்காரர்கள்.

மரத்தில் கட்டிய மங்கில் உறைந்த பால் இரண்டு நாள் கிடந்தால் கட்டிப்பால் ஆகிவிடும். அதை மூட்டையில் அள்ளித் தோளில் போட்டுத் தூக்கும்போது மூட்டையின் அடியிலிருந்து ஒரு தண்ணீர் வடியும் பாருங்கள், அதுதான் சட்டை முதுகில் இறங்கும். பால் நாறுவதில்லை, அந்தத் தண்ணீர்தான் நாறும். சட்டையின் வலது தோளும் முதுகும் மட்டும் நாறுவதைக் கொழுந்தனிடம் கேட்டுப் பாருங்கள். மூட்டை தூக்கும் தோள் எதுவோ அதுதான்.

எங்கள் அம்மா வெட்டுத் துணியை வீட்டுக்குள்ளேயே விடமாட்டார். பின்கட்டில் அதற்கென்று ஒரு வாளி. வந்தவுடன் பச்சைத் தண்ணீரில் ஒருமுறை அலசி, பிறகு சலவைச் சோடா கரைத்த தண்ணீரில் மாலை வரை ஊறப்போடுவார். அப்புறம்தான் சவுக்காரம். மறுநாள் துவைக்கலாம் என்று சுருட்டி வைத்தால் தீர்ந்தது கதை.

காய்ந்த பால் கறை இருந்தால் அது சவுக்காரத்துக்கு மசியாது. கறை விழுந்த அன்றே, காய்வதற்குள், பச்சைத் தண்ணீரில் அலசினால் பாதிக்கு மேல் போகும். காய்ந்துவிட்டால் பழைய ஆட்கள் மண்ணெண்ணெய் தேய்ப்பார்கள். ரப்பர் ஊதி இளகும், சுரண்டி எடுக்கலாம். ஆனால் அந்தத் துணி மெஷினுக்கோ உலர்த்திக்கோ போகவே கூடாது, தீப்பிடிக்கும். வெட்டுச் சட்டையில் கறை இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும் என்பேன். வாடை போனால் போதும்.

ஓய்வுபெற்ற_வாத்தியார்

மேலே சொன்னவரின் தாயார் படித்தாரோ இல்லையோ, செய்தது சரியான வேதியியல்.

கட்டிப்பால் தானாக உறையும்போது கிருமிகள் அதிலுள்ள சர்க்கரையையும் புரதத்தையும் உடைத்து ஆவியாகும் கொழுப்பு அமிலங்களை உண்டாக்குகின்றன. அசிட்டிக், புரோப்பியானிக், பியூட்டிரிக், வலெரிக் என்று ஒரு குடும்பமே உண்டு. கெட்டுப்போன வெண்ணெயின் நாற்றம் பியூட்டிரிக் அமிலம். ரப்பர் ஆலையைத் தாண்டிப் போகும்போது பேருந்து ஜன்னலை எல்லாரும் சாத்துவதும் இவற்றுக்காகத்தான். அமிலத்தோடு காரம் சேர்ந்தால் உப்பு. உப்பு ஆவியாகாது, ஆகவே மூக்குக்கு வராது. தண்ணீரிலும் கரைந்து போய்விடும். சலவைச் சோடா வலுவான காரம், ஆப்பச் சோடா மென்மையானது. பருத்திச் சட்டைக்குச் சலவைச் சோடா, கையுறை போட்டுக்கொண்டு.

நாற்றம் காரமாக இருந்தால் எதிர்மாறு. பழைய சிறுநீர் வாடை அம்மோனியா, அதற்கு சூக்கா (வினிகர்). ஆக, முதலில் என்ன நாற்றம் என்று முடிவு செய்ய வேண்டும். எல்லாவற்றுக்கும் ஒரே மருந்து என்று எங்கும் கிடையாது.

இணையத்தில் சூக்காவையும் சோடாவையும் ஒன்றாகக் கொட்டி நுரை பொங்குவதைக் காட்டுகிறார்கள். பார்க்க அழகுதான். இரண்டும் ஒன்றையொன்று தீர்த்துக்கொண்டு கடைசியில் கிடைப்பது கரியமில வாயு, தண்ணீர், சோடியம் அசிட்டேட். துணிக்கு ஒரு பயனும் இல்லை. ஒன்றைப் போட்டு அலசிய பிறகு மற்றதைப் போடுவது வேறு விஷயம்.

துவாலையின் புளித்த நாற்றத்தைப் பற்றி ஜப்பானிய ஆய்வாளர்கள் 2012இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். துவைத்துக் காய்ந்த துணி திரும்ப ஈரமானதும் வரும் வாடைக்கு 4-மெத்தில்-3-ஹெக்செனாயிக் அமிலம் ஒரு முக்கியக் காரணம் என்றும், அதைச் செய்வது மொராக்செல்லா ஒஸ்லோயென்சிஸ் என்ற பாக்டீரியா என்றும் கண்டார்கள். இந்தக் கிருமி காய்ந்தாலும் பிழைத்துக்கொள்கிறது, புற ஊதாக் கதிரையும் ஓரளவு தாங்குகிறது. வெயிலில் போட்டேனே, ஏன் நாறுகிறது என்று கேட்பவர்களுக்குப் பதில் இதில் இருக்கிறது. டோபி நண்பர் சொன்ன சூடும் ஆக்சிஜன் பிளீச்சும்தான் வழி.

பழைய_லயம்_எண்7

வாத்தியார் ஐயா, அமிலம் காரம் எல்லாம் இருக்கட்டும். எங்கள் பாட்டி வெள்ளிக்கிழமை தவறாமல் சாம்பிராணி போடுவார். புடவை, போர்வை, குழந்தையின் தொட்டில் துணி எல்லாவற்றுக்கும் புகை காட்டுவார். ஒரு வாடையும் இருந்ததில்லை. இப்போது எல்லாவற்றுக்கும் ஒரு பவுடர்.

டோபி_அண்ணே

உங்கள் பாட்டி சாம்பிராணி போடுவதற்கு முன்னால் அந்தத் துணியைத் துவைகல்லில் அடித்து, கஞ்சி போட்டு, நல்ல வெயிலில் காயவும் வைத்தார். அதைச் சொல்லாமல் சாம்பிராணிக்கு மட்டும் பேர் வாங்கித் தருகிறீர்கள்.

சாம்பிராணி எனக்கும் பிடிக்கும். ஆனால் அழுக்குத் துணிக்குப் புகை போட்டால் புகை வாடையும் சேர்ந்து கொள்ளும், அவ்வளவுதான். என்னிடம் துவைக்க வந்த திரைச்சீலைகளில் சாமி அறைக்குப் பக்கத்து ஜன்னலில் தொங்கியது எது என்று தண்ணீரில் போட்டதும் தெரிந்துவிடும். தேயிலைச் சாயம் மாதிரி இறங்கும்.

பழைய_லயம்_எண்7

சரி, அந்தத் துவைகல் விஷயத்தை ஒத்துக்கொள்கிறேன். சாம்பிராணியை விடமாட்டேன்.

மிஸ்ஸி_அக்கா

தாமான்வாசி, நீங்கள் பிள்ளை உண்டாகியிருப்பதாக எழுதியிருந்ததைப் பார்த்ததும்தான் எழுத உட்கார்ந்தேன். அந்த டிரங்குப் பெட்டியில் உள்ள குழந்தைத் துணிகளைப் பிள்ளைக்குப் போடாதீர்கள். போடத்தான் வேண்டும் என்றால் அதற்கு முன்னால் இதைப் படியுங்கள்.

அந்துருண்டையில் பெரும்பாலும் நாஃப்தலீன் இருக்கும். ஜி6பிடி (இரத்தச் சிவப்பணுவைக் காக்கும் ஒரு என்சைம்) குறைபாடு உள்ள குழந்தைக்கு அது பட்டால் இரத்தச் சிவப்பணுக்கள் உடையும். மஞ்சள் காமாலை கடுமையாகி மூளையைப் பாதிக்கும் வரை போகலாம். வாயில் போட வேண்டும் என்றுகூட இல்லை. அந்துருண்டையோடு வைத்திருந்த துணியும் போர்வையும் போதும். நம் நாட்டில் குழந்தை பிறந்தவுடன் தொப்புள்கொடி இரத்தத்தில் ஜி6பிடி பார்ப்பது இதனால்தான். குறைபாடு இருந்தால் தாயிடம் ஒரு பட்டியல் கொடுப்பார்கள், அதில் அந்துருண்டை கட்டாயம் இருக்கும். வார்டில் இதைச் சொல்லும்போது பாட்டிமார்கள் என்னை முறைப்பார்கள். "நாங்க எல்லாம் போட்டுத்தானே வளர்த்தோம்" என்பார்கள். எல்லாப் பிள்ளைக்கும் குறைபாடு இருப்பதில்லை அம்மா, உங்கள் பிள்ளைக்கு இருக்கிறதா இல்லையா என்பது பிறந்த பிறகுதானே தெரியும்?

ஒருமுறை துவைத்தால் நாஃப்தலீன் முழுதும் போகாது. வெளியே, காற்றில், பல நாள் தொங்கவிட வேண்டும். அது திடப்பொருளாக இருந்து நேராக ஆவியாகும் ரகம், அதனால் வெக்கையும் காற்றும்தான் அதை விரட்டும். அப்புறம் சுடுதண்ணீரில் துவைத்து, உலர்த்தியில் போட்டு, மூக்கில் வைத்து முகர்ந்து பாருங்கள். கொஞ்சம் நெடி இருந்தாலும் திரும்ப வெளியே. மாமியார் மனம் நோகாமல் இருக்க ஒரே ஒரு சட்டையை நன்றாகச் சுத்தம் செய்து, பிள்ளை பிறந்து இரத்தப் பரிசோதனை முடிவு வந்த பிறகு, புகைப்படத்துக்குப் போட்டுவிட்டுக் கழற்றிவிடுங்கள்.

பட்டுப்புடவைப் பெட்டியிலும் இனி அந்துருண்டை வேண்டாம். வசம்பு போடலாம். கற்பூரமும் வேண்டாம். வாயில் போட்டால் வலிப்பு வரும்.

தாமான்வாசி

மிஸ்ஸி அக்கா, மிக்க நன்றி. பெட்டியை அப்படியே பின்கட்டுக்குக் கொண்டுபோய்விட்டோம். மாமியாரிடம் நீங்கள் எழுதியதை வாசித்துக் காட்டினேன். முதலில் முகம் சுருங்கியது. "பிள்ளைக்கு ஒண்ணு ஆகிட்டா அந்தத் துணிய வச்சு என்னா செய்ய" என்று அவரே சொல்லிவிட்டார்.

இன்னொரு விஷயம். எழுதலாமா என்று யோசித்தேன். மெத்தையில் வெறும் பூஞ்சை வாடை மட்டும் இல்லை. மாமியாருக்கு இரவில் அடக்க முடிவதில்லை. அவருக்குத் தெரியாமல் விரிப்பை மாற்றுகிறேன். அவர் எனக்குத் தெரியாமல் விரிப்பைத் துவைக்கிறார். மெத்தையை என்ன செய்வது?

ஓய்வுபெற்ற_வாத்தியார்

இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. வயசானால் எல்லார் வீட்டிலும் உண்டு.

சிறுநீர் புதிதாக இருக்கும்போது பெரிதாக நாறாது. கிருமிகள் யூரியாவை அம்மோனியாவாக மாற்றியதும்தான் கண்ணைக் கரிக்கும். ஆகவே புதிதாகப் பட்ட இடத்தில் பழைய துணியை வைத்து அழுத்தி உறிஞ்சுவது முதல் வேலை. தேய்த்தால் உள்ளே இறங்கும். பழைய வாடைக்குச் சமையல் சூக்காவும் தண்ணீரும் சமமாகக் கலந்து தெளித்து, ஒற்றி எடுத்து, காய்ந்த பிறகு ஆப்பச் சோடாவைத் தூவி ஒரு ராத்திரி விட்டு உறிஞ்சி எடுக்கலாம். என்சைம் கலந்த திரவம் செல்லப்பிராணிக் கடையில் பூனைச் சிறுநீருக்கு என்று விற்பார்கள். அது மனிதருக்கும் வேலை செய்யும், உண்மையில் சூக்காவைவிட நன்றாகவே. பாட்டிலில் எழுதியிருக்கும் நேரம்வரை அந்த இடம் ஈரமாக இருக்க வேண்டும், அதுதான் முக்கியம்.

இரண்டு எச்சரிக்கை. சிறுநீர் பட்ட இடத்தில் குளோரோக்ஸ் (குளோரின் பிளீச்) ஊற்றவே கூடாது. அம்மோனியாவோடு சேர்ந்து குளோராமின் வாயு வரும், நுரையீரலை அரிக்கும். குளோரோக்ஸும் சூக்காவும் சேர்ந்தால் குளோரின் வாயுவே வரும். குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு இந்தக் கலவையைச் செய்து மயங்கி விழுந்தவர்கள் உண்டு.

பால்மரத்துப்பிள்ளை

வாத்தியார் சூக்கா என்றதும் ஒன்று ஞாபகம் வந்தது. தாமான்வாசி, உங்கள் கொழுந்தன் மரம் வெட்டுகிறார் என்றீர்களே, வீட்டில் சூக்கா கெத்தா இருக்கிறதா பாருங்கள். பாலை உறைய வைக்கும் ஆசிட், ஃபார்மிக் அமிலம். பழைய மினரல் வாட்டர் பாட்டிலில் ஊற்றிப் பின்கட்டில் வைக்கும் பழக்கம் நிறையப் பேருக்கு உண்டு. நிறமில்லாமல் சமையல் சூக்கா மாதிரியே இருக்கும். இருட்டில் அவசரமாக எடுத்து மெத்தையில் தெளித்தால் தோல் வெந்துவிடும். உடனே பெயர் எழுதி, பூட்டி வைக்கச் சொல்லுங்கள்.

மிஸ்ஸி_அக்கா

மெத்தைக்கு முன்னால் மாமியாரைக் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். திடீரென்று அடக்க முடியாமல் போனால் சிறுநீர்த் தொற்றா, இனிப்பு நீரா என்று பார்க்க வேண்டும். சில நேரம் ஒரு வாரம் மருந்து சாப்பிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். நீரிழிவு மருந்து ஏற்கெனவே எடுக்கிறாரா, பிரஷருக்குத் தண்ணீர் மாத்திரை எடுக்கிறாரா என்பதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். மாத்திரை மாலையில் சாப்பிட்டால் ராத்திரி எழ வேண்டிவரும், நேரத்தை மாற்றச் சொல்வார்கள்.

தண்ணீர் புகாத மெத்தை உறை ஒன்று வாங்கிப் போடுங்கள். "மெத்தை பழசாகிவிட்டது, தூசி ஏறாமல் இருக்க உறை போடுகிறேன்" என்று சொன்னால் போதும். இரண்டு பேரும் ஒளித்து ஒளித்துத் துவைப்பதும் நிற்கும்.

கெகாபு_மெத்தை

இலவம்பஞ்சு மெத்தைக்கு ஒரு தடை இருக்கிறது, யாரும் சொல்லவில்லை. அதை நனைத்துத் துவைக்க முடியாது. பஞ்சு இழையின் உள்ளே வெற்றுக் குழல், மேலே மெழுகுப் பூச்சு. தண்ணீரில் மிதக்கும் என்பதால் ஒரு காலத்தில் உயிர்காப்புச் சட்டைக்கு அடைத்தார்கள். அப்படிப்பட்ட பஞ்சு நடுவில் நனைந்தால் மேல் பக்கம் காய்ந்த மாதிரி இருக்கும், உள்ளே கட்டியாகி அழுகும். வாத்தியார் சொன்ன தெளிப்பு மேலாக, கொஞ்சமாக இருக்கட்டும்.

நான் செய்வது இது. ஒரு பக்கத் தையலைப் பிரித்துப் பஞ்சைக் கொட்டுங்கள். முகமூடியும் தலைத்துண்டும் கட்டாயம், இல்லாவிட்டால் நாள் முழுக்கத் தும்மல். நீங்கள் வாயும் வயிறுமாக இருப்பதால் பக்கத்திலேயே வரவேண்டாம், வீட்டு ஆண்களைச் செய்யச் சொல்லுங்கள். கறை ஏறிய, கட்டி பிடித்த, கறுப்புப் பொட்டு விழுந்த பஞ்சைத் தயங்காமல் எடுத்து எறியுங்கள். அதற்கு வைத்தியம் கிடையாது. மிச்சத்தை மீன்வலை மாதிரி வலைத்துணியில் முடிந்து, காலை வெயிலில் போட்டுப் பிரம்பால் அடித்துப் புரட்டுங்கள். மழை மத்தியானம்தான் என்றால் காலை எட்டு மணியிலிருந்து உங்களுக்கு வெயில் இருக்கிறது. கட்டி உதிர்ந்து பஞ்சு உப்பி வரும்போது வாடை தன்னால் குறையும்.

பழைய உறைத்துணியைக் கழற்றி அதை மட்டும் சோடாவில் துவையுங்கள். புது உறை தைத்துப் பழைய பஞ்சோடு கொஞ்சம் புதுப் பஞ்சு சேர்த்து அடைத்தால் மாமனாரின் மெத்தை மெத்தையாகவே இருக்கும், மாமியாருக்கும் குறை இருக்காது.

கட்டிலையும் பார்த்துக்கொள்ளுங்கள். மெத்தையின் அடியில் ஒட்டுப்பலகை இருந்தால் காற்றே போகாது. கீழ்ப்பக்கம் மிளகைத் தூவிய மாதிரி பூஞ்சை பிடித்திருக்கும். சட்டம் விட்டுச் சட்டம் அடித்த கட்டில் நல்லது. சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போடுங்கள்.

பந்துக்காரன்_அம்மா

நடுவில் ஒரு கேள்வி. மகன் பள்ளிக்கூடத்தில் பந்து விளையாடுகிறான். பருத்திச் சட்டையில் வேர்வை வாடை துவைத்தால் போகிறது, ஜெர்சியில் போகவே மாட்டேன் என்கிறது. மெஷின் ஒன்று, தூளும் ஒன்று, அப்புறம் ஏன்?

ஓய்வுபெற்ற_வாத்தியார்

பெல்ஜியத்தில் கெண்ட் பல்கலைக்கழகத்தார் 2014இல் இதைத்தான் சோதித்தார்கள். 26 பேரை உடற்பயிற்சி சைக்கிள் மிதிக்க வைத்து, அவர்களுடைய சட்டைகளை ஒரு நாளுக்கு மேல் வைத்துவிட்டு முகர்ந்தார்கள். பாலியஸ்டர் சட்டைகள் பருத்தியைவிட மோசமாக நாறின. மைக்ரோகாக்கஸ் வகைக் கிருமி பாலியஸ்டரில் செழிப்பாக வளர்ந்ததைக் கண்டார்கள். பாலியஸ்டர் தண்ணீரை விரும்பாது, எண்ணெயை விரும்பும். வேர்வையிலுள்ள எண்ணெய்ப் பொருட்கள் அதில் ஒட்டிக்கொள்ளும்.

ஜெர்சியை உள்பக்கம் வெளியே வருமாறு திருப்பி, என்சைம் உள்ள சலவைத்தூளில் வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்துத் துவையுங்கள். சாஃப்டனர் வேண்டாம். விளையாடிவிட்டு வந்து பையிலேயே சுருட்டி வைத்தால் எந்தத் தூளும் காப்பாற்றாது.

டோபி_அண்ணே

ஜெர்சி பையில் சுருட்டியே கிடக்கும் என்று பந்தயம் கட்டுகிறேன்.

தாமான்வாசி, திரைச்சீலை கேட்டிருந்தீர்களே. இப்போது விற்பதில் பெரும்பாலானவை பாலியஸ்டர்தான், ஆகவே வாத்தியார் சொன்னது அதற்கும் பொருந்தும். கருவாடு, பெலாச்சான், தாளிப்பு எண்ணெய் எல்லாம் அதில் ஏறியிருக்கும். கொக்கிகளைக் கழற்றி, உதறி, ஆப்பச் சோடா கரைத்த தண்ணீரில் ஊறப்போட்டுத் துவைத்து, முறுக்காமல் ஈரத்தோடே கம்பியில் மாட்டுங்கள். ஜன்னலைத் திறந்து விசிறியைப் போட்டால் அதுவே காய்ந்துவிடும், இஸ்திரியும் தேவையில்லை. மழைக்கு முன்னால், காலையிலேயே. தீபாவளிக்கு முதல் நாள் துவைக்கிற வேலை மட்டும் வேண்டாம்.

டுரியான் பருவத்தில் காரில் ஏற்றி வந்து சீட்டு நாறுகிறது என்று கேட்பவர்கள் தனி இழை போடவும். அது கந்தகச் சமாச்சாரம், சோடாவுக்கு அடங்காது.

தாமான்வாசி

எல்லாருக்கும் நன்றி. நிலவரம் சொல்கிறேன்.

துவாலை சரியாகிவிட்டது. சாஃப்டனரை நிறுத்தி, ஆக்சிஜன் பிளீச்சில் ஊறப்போட்டுத் துவைத்தோம். மெஷின் வளையத்தில் காலுறை இல்லை, ஆனால் ஒரு பின்னூசியும் மீதி எல்லாமும் இருந்தன. கொழுந்தனுக்குத் தனி வாளி வைத்தாயிற்று. தோள்பட்டை விஷயத்தைச் சொன்னதும் தன் சட்டையை எடுத்து முகர்ந்து பார்த்துச் சிரித்தார். இடது தோளாம். சூக்கா கெத்தாவும் சொன்னபடியே ஒரு குடிதண்ணீர் பாட்டிலில்தான் இருந்தது. இப்போது ஸ்டோரில் பூட்டியிருக்கிறது.

கிளினிக்கில் மாமியாருக்குச் சிறுநீர்த் தொற்று என்று மருந்து கொடுத்திருக்கிறார்கள். பஞ்சு வெயிலில் கிடக்கிறது. மூன்றில் ஒரு பங்கைப் போட வேண்டியதாகிவிட்டது. மாமியாரே பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து எதை எறிய வேண்டும், எதை வைக்க வேண்டும் என்று சொன்னார்.

மிச்சம் பட்டுப்புடவைதான். சோடா போடலாமா?

டோபி_அண்ணே

வேண்டாம்! பட்டு புரதம். சோடாவின் காரம் பளபளப்பைத் தின்றுவிடும், சலவைத்தூளிலுள்ள புரோட்டீஸ் என்சைம் புரதத்தைத்தான் தேடிப் பிடித்து வெட்டும். ஆக்சிஜன் பிளீச்சும் ஆகாது. குளோரோக்ஸ் பட்டால் பட்டு மஞ்சளாகி இற்றுப்போகும்.

நிழலில், காற்றோட்டமான இடத்தில், மடிப்பைப் பிரித்து அகலமாகத் தொங்கவிடுங்கள். நேர் வெயில் கூடாது. பழைய மடிப்பு ஓரங்களில் சரிகை கீறியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். கீறியிருந்தால் தொங்கவிடாமல் கட்டிலில் விரித்து வையுங்கள், புடவையின் எடையே அதைக் கிழித்துவிடும். ஒரு வாரம் போல அப்படிக் காற்றில் இருந்தால் அந்துருண்டை நெடி பெரும்பாலும் போய்விடும். அப்படியும் இருந்தால் ஈப்போவில் பட்டுக்கு உலர்சலவை தெரிந்த கடையாகப் பார்த்துக் கொடுங்கள். கொடுப்பதற்கு முன் முந்தானையைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

பெட்டியையும் கவனியுங்கள். தகரத்தின் உள்பக்கம் துரு இருந்தால் துடைத்து, புடவையைப் பழைய வெள்ளைப் பருத்தி வேட்டியில் சுற்றி வையுங்கள். செய்தித்தாள் வேண்டாம், மை ஒட்டும். மாசத்துக்கு ஒரு தடவை வெளியே எடுத்து மடிப்பை மாற்றி மடியுங்கள்.

தாமான்வாசி

பெட்டிக்குள் ஈரம் உறிஞ்சும் பிளாஸ்டிக் டப்பா வைக்கலாமா? பசாரில் மூன்று ஒரு கட்டாக விற்கிறார்கள்.

ஓய்வுபெற்ற_வாத்தியார்

அலமாரிக்கு நல்லது, பட்டுப் பெட்டிக்கு வேண்டாம். உள்ளே இருப்பது கால்சியம் குளோரைடு. ஈரத்தை இழுத்துத் தானே உப்புத் தண்ணீராகிவிடும். டப்பா சாய்ந்து அது புடவையில் கொட்டினால் கறையும் போகாது, அந்த இடம் காயவும் காயாது. பெட்டிக்குச் சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுங்கள். நிறம் மாறியதும் மிதமான அடுப்புச் சூட்டில் காயவைத்தால் திரும்பப் பயன்படும்.

பந்துக்காரன்_அம்மா

டோபி அண்ணே, பந்தயத்தில் ஜெயித்துவிட்டீர்கள். பையில் மூன்று ஜெர்சி இருந்தது.

பழைய_லயம்_எண்7

ஆப்பச் சோடாவை அந்தச் சின்ன டப்பாவில் வாங்கிக் கட்டுப்படியாகாது. கேக் சாமான் விற்கும் கடையில் ஒரு கிலோ பாக்கெட்டாகக் கேளுங்கள். சலவைச் சோடா வேறு, காஸ்டிக் சோடா வேறு, கடைக்காரர் எடுத்துக் கொடுக்கும்போது பாக்கெட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்து வாங்குங்கள். எங்கள் தெருவில் ஒருவர் சோடா என்று மட்டும் கேட்டுக் காஸ்டிக்கை வாங்கி வந்துவிட்டார்.